அவர் நிறுத்திய வரி

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வாடகைப் பாத்திரக் கடைக்காரர் வந்து நாற்காலிகளையும் டீ கேனையும் ஏற்றிக்கொண்டு போனார். போன வேகத்தில் திரும்பி வந்து, ஒரு டம்ளர் கூடுதலாக இருக்கிறது என்று கையில் கொடுத்தார். துக்க வீட்டில் டம்ளர் குறையும் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். கூடியது எங்கள் வீட்டில்தான்.

கருமாதி முடிந்து கடைசி உறவும் கிளம்பியாயிற்று. மகள் யாழினி நேற்றே புனேக்கு ரயிலேறினாள். "அம்மா, எதையாவது எழுதிக்கிட்டே இரு. சும்மா உக்காந்தா அடுத்த வீட்டு வம்புக்குப் போயிடுவே" என்றாள். பெற்ற மகளின் நற்சான்றிதழ்.

எழுதுவதுதான் என் தொழில். ஓர் இணைய இதழில் வாராவாரம் 'சமையலறை உளவுத்துறை' என்று ஒரு பத்தி. ஒரே கதாநாயகன், என் வீட்டுக்காரர் தங்கமுத்து. அவர் குறட்டை, அவர் சட்டைப் பை, அவருடைய பழைய ஸ்கூட்டர் என்று பல வருஷமாக அந்த மனிதரை ஊருக்கு முன் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். அவர் ஒரு வாரம்கூடப் படித்ததில்லை. "வீட்ல கேக்கறதே போதும், அதை அங்க போயி வேற படிக்கோணுமாக்கும்" என்பார். இதழின் ஆசிரியர் போன் செய்து, எத்தனை வாரம் வேண்டுமானாலும் ஓய்வெடுங்கள் என்றார். எனவே இந்த டைரி. இதில் சிரிப்பு வரவில்லை என்று யாரும் கடிதம் போட மாட்டார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். வராமல் சுற்றிக்கொண்டிருப்பது எனக்கே தெரிகிறது.

ஜூலை மாதம் ஒரு வியாழக்கிழமை, "சிங்காநல்லூர் வரைக்கும் போயிட்டு வந்தர்றேன், மோட்டாருக்கு ஒரு வாஷர் வாங்கோணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மதியம் தாராபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரு பெட்டிக்கடைக்காரர் பேசினார். சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். பர்ஸில் இருந்த சீட்டைப் பார்த்து எனக்குப் போன் செய்திருக்கிறார். என் வீட்டுக்காரருடைய போன் அந்தக் கூட்டத்தில் எங்கோ போய்விட்டது.

தாராபுரத்தில் எங்களுக்கு உறவில்லை, சிநேகிதமில்லை, வாஷர் கடையும் இல்லை. சிங்காநல்லூரில்தான் தாராபுரம் பஸ் ஏற வேண்டும். அந்த மட்டில் அவர் பொய் சொல்லவில்லை.

துக்கம் கேட்க வந்த எல்லோரும் "எப்படி ஆச்சு?" என்று கேட்டார்கள். கண்கள் கேட்டதெல்லாம் "ஏன் அங்கே?" என்றுதான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. இதே வேறு வீடாக இருந்தால் நான் பிணம் எடுக்கும் முன்பே கேட்டிருப்பேன்.

ஆகஸ்ட் 6, புதன்

கரண்ட் பில் கட்டலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். அவர் மேசையில் மூடியபடி இருந்தது, வயர் சொருகியபடி. அதன் பேட்டரி செத்து ரொம்ப நாளாகிறது. வயரைப் பிடுங்கினால் அந்த நொடியே உயிர் போய்விடும். எங்கள் இன்வெர்ட்டரும் வயிறு வீங்கி ஒரு மூலையில் கிடக்கிறது. மாற்றுகிறேன், மாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மூடியைத் தூக்கியதும் உள்ளே காற்றாடி மூச்சு வாங்குவது போல ஓடத் தொடங்கியது. திரை தூக்கத்திலிருந்து எழுந்தது. அவர் கடைசியாகப் பார்த்த பக்கம் அப்படியே இருந்தது.

பஸ் நேரங்கள். திருச்சி, கரூர் எல்லாம் மேலே போயிருந்தன. தாராபுரம் என்ற வரி சரியாகத் திரை நடுவில். மவுஸ் அம்புக்குறி அந்த வரியின் மேலேயே, விரல் வைத்துப் படிக்கிற மாதிரி நின்றது.

ஆக, வழி தவறிப் போகவில்லை. பார்த்து, நேரம் குறித்து, போயிருக்கிறார்.

இன்னொன்று. அது சாதாரண ஜன்னல் இல்லை. கறுப்பு. மூலையில் தொப்பியும் கண்ணாடியும் போட்ட ஓர் ஆள் படம். ரகசியமாகப் பார்க்கிறவர்கள் திறக்கிற ஜன்னல் என்று எனக்கும் தெரியும். உளவுத்துறை என்று பெயர் வைத்துக்கொண்டு பல வருஷம் பத்தி எழுதினேன். தொப்பி போட்ட ஆள் என் மேசையிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறான்.

எதையும் தொடவில்லை. கரண்ட் பில்லும் கட்டவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

பில்லைப் போனிலேயே கட்டினேன். ரசம் வைத்தேன். உப்பு இல்லை. சொல்ல ஆள் இல்லாததால் நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பூங்கோதை அக்கா வந்தார். என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. வம்பில் எனக்கு குரு. நான் எழுதி வெளியிடுவேன், அவர் நேரடி ஒலிபரப்பு. அவ்வளவுதான் வித்தியாசம்.

"ஏன் மரகதம், தாராபுரத்துல நம்மாளுக யாரும் இல்லையே?"

"இல்லீங்க்கா."

"மூலனூர்ப் பக்கமாச்சும்?"

"இல்லீங்க்கா."

"அப்ப அங்க என்ன வேலை அவருக்கு? நான் கேக்கலை. ஊர்ல கேக்கறாங்க."

"ஊர்ல யாருங்க்கா கேக்கறாங்க?"

"சரி, நாந்தான் கேக்கறேன்னு வெச்சுக்கோயேன்."

கொஞ்ச நேரம் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தார். பிறகு குரலை இறக்கினார்.

"வைகாசியில எங்க சம்பந்தி வீட்டு விசேசத்துல, மாடிப்படிக்குக் கீழ நின்னு யார்கிட்டயோ போன்ல பேசுனாராம். 'அவளுக்குத் தெரியக் கூடாதுங்க, தெரிஞ்சா எல்லாம் போச்சு'ன்னு. என்ர காதுல விழுகலை. விழுந்தவங்க சொன்னாங்க. நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காதே."

மனசில் வைக்காமல் எங்கே வைப்பது, பரணிலா? வந்த வேலை முடிந்ததும் காப்பி கேட்டார். கொடுத்தேன். கீழே உட்கார்ந்து பேச முடியாத என் முட்டியைப் பற்றியும் இரண்டு வார்த்தை விசாரித்தார். அதற்கு மட்டும் உண்மையான பதில் சொன்னேன்.

அவர் போனதும் மாடிக்குப் போனேன். எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவள் ஷகிலா. வெப்சைட் செய்கிறவள், வீட்டிலிருந்தே வேலை. வீட்டுக்காரர் மஸ்கட்டில். நாற்பது வயதுக்கு நிதானமான பெண்.

"ஷகிலா, என் சிநேகிதி ஒருத்திக்காகக் கேக்கறேன். ஒருத்தர் கம்ப்யூட்டர்ல ஒரு பக்கத்தைத் திறந்து வெச்சுட்டுப் போயிட்டா, அதுக்கு முன்னாடி என்ன பாத்தார்னு தெரிஞ்சுக்க முடியுமா?"

"பேக் பட்டன் அமுக்கச் சொல்லுங்கக்கா. அந்த அம்புக்குறி கறுப்பா இருக்கற வரைக்கும் பின்னாடி பக்கம் இருக்குன்னு அர்த்தம். சாம்பலாயிட்டா அதுதான் ஆரம்பம். அதுக்கு மேல போக முடியாது. ஒவ்வொரு பக்கத்துலயும் அவர் எங்க நிறுத்தினாரோ அங்கயே கொண்டு போய் விடும்."

"அது கறுப்பு ஜன்னலா இருந்தா?"

"மூடற வரைக்கும் இருக்கும். மூடினா ஒண்ணும் மிஞ்சாது. அதுக்குத்தானேக்கா அது."

"கரண்ட் போனா?"

ஷகிலா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உங்க சிநேகிதி லேப்டாப்லயும் பேட்டரி இல்லையாக்கா?"

நான் ஜன்னல் வழியாக முருங்கை மரத்தைப் பார்த்தேன்.

"இன்னொண்ணு சொல்லிடுங்க அவங்ககிட்ட. பக்கத்தை மேலயும் கீழயும் நகத்த வேண்டாம். நகத்திட்டா, அடுத்த தடவை அவங்க நகத்தின இடத்துலதான் வந்து நிக்கும். அவர் விட்ட இடம் அழிஞ்சிடும்." மவுஸைத் தொடாமல் விசைப்பலகையிலேயே பின்னால் போகும் வழியையும் காட்டிக் கொடுத்தாள். அப்புறம், "அக்கா, அந்தக் கறுப்பு ஜன்னல்..." என்று ஏதோ சொல்ல வந்தாள். குக்கர் விசில் அடித்தது. எழுந்து ஓடினாள். நானும் இறங்கி வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

ஒரு முறை பின்னால் போனேன். ஒரே ஒரு முறை.

பழைய சாமான் விற்கிற தளம். பக்கம் கிட்டத்தட்டக் காலி. நடுவில், 'இந்த விளம்பரம் நீக்கப்பட்டுவிட்டது' என்று ஒரு வரி. அவர் பார்த்தபோது அங்கே ஏதோ இருந்திருக்கிறது. இப்போது அதுவும் போய்விட்டது, அவரைப் போலவே, காரணம் சொல்லாமல்.

பயந்துபோய் முன்னால் போகிற விசையை அழுத்தினேன். பஸ் நேரப் பக்கம் புதிதாகத் திறந்தது. முதலில் தலைப்பு, மேல்வரிகள். ஒரு நொடி அங்கேயே நின்றது. பிறகு யாரும் தொடாமல் சரசரவென்று இறங்கி, தாராபுரம் வரியில் போய் நின்றது. வெளியே போய் வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, யாரிடமும் பேசாமல் நேராகத் தன் நாற்காலிக்குப் போகிற மாதிரி.

நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

போனில் செய்தி படிக்கும்போது கிரைண்டர் விளம்பரம் ஒன்று வந்தது. சிரித்துவிட்டேன். துக்கத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு ஒரு கிரைண்டரைப் பார்த்து.

இரண்டு வருஷத்துக்கு முன், எங்கள் கல்யாண நாளுக்கு எனக்கு ஒரு கிரைண்டர் வாங்கித் திகைக்க வைக்க வேண்டும் என்று அவர் லேப்டாப்பில் தேடியிருக்கிறார். அதே லேப்டாப்பில்தானே நானும் எழுதுகிறேன். அன்றிலிருந்து நான் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கிரைண்டர். செய்தியில் கிரைண்டர், சமையல் குறிப்பில் கிரைண்டர், கந்த சஷ்டி கவசத்துக்குப் பக்கத்தில் கிரைண்டர். "ஏனுங்க, கிரைண்டருக்கு நம்ம மேல என்ன இவ்வளவு பிரியம்?" என்று கேட்டேன். மனிதர் முகம் சுருங்கிப் போயிற்று. அந்த வருஷம் சேலை வாங்கிக் கொடுத்தார். கிரைண்டர் கதையை நான் பத்தியாக எழுதினேன். நல்ல வரவேற்பு.

ஆகஸ்ட் 11, திங்கள்

மதியம் அந்தப் பஸ் பக்கத்துக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். கை இரண்டும் மடியில். தாராபுரம் வரி தானாக இரண்டு விரற்கடை கீழே இறங்கியது.

மாடிக்குப் போய் ஷகிலாவிடம் சொன்னேன். சிநேகிதிக்கு அப்படி நடந்ததாக.

"மேல ஒரு விளம்பரம் லேட்டா வந்து சேர்ந்திருக்கும்கா. அது உக்கார இடம் வேணும்ல, கீழ இருக்கறதைத் தள்ளிடும்."

இறங்கி வந்து பார்த்தேன். மேலே ஒரு சோப்பு விளம்பரம் புதிதாக முளைத்திருந்தது. நம்பினேன். இருந்தாலும், அவர் நாற்காலியில் குவித்து வைத்திருந்த துவைத்த துணியை எடுத்து வேறு இடத்தில் வைத்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

'புதுப்பிப்பு தயார், மறுபடி தொடங்கவா?' என்று லேப்டாப் கேட்கிறது. அப்புறம் என்றேன். வீட்டில் நான் அடிக்கடி கேட்ட பதில் அது. இப்போது நானே சொல்கிறேன்.

ஆகஸ்ட் 13, புதன்

இந்தத் தடவை, நீக்கப்பட்ட விளம்பரத்தையும் தாண்டி இரண்டு பக்கம் பின்னால் போனேன்.

அதே தளத்தில் ஒரு நீண்ட பட்டியல். வண்டிகள், வண்டிச் சாமான்கள், கோவை, திருப்பூர், தாராபுரம் வட்டாரம். பக்கம் திறந்தது, மேலே நின்றது. இறங்கும் என்று காத்திருந்தேன். இறங்கவில்லை. வாசலில் வந்து நின்றவர் உள்ளே வரவே இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். உச்சியிலேயே நின்றது, இன்று காலை யாரோ போட்ட ஒரு டிராக்டர் டயரின் மேல்.

இந்தத் தடவை ஷகிலாவையே கீழே கூட்டி வந்தேன். அவள் மேசையைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், சிநேகிதியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"இது 'இன்னும் காட்டு'ன்னு அமுக்க அமுக்க நீண்டுக்கிட்டே போற பட்டியல்கா. அண்ணா அமுக்கி அமுக்கி எங்கயோ ஆழத்துக்குப் போயிருக்கார். திரும்பி வர்றப்ப பட்டியல் மறுபடி குட்டையா ஆரம்பிக்குது. அவர் நின்ன இடமே இல்லாதப்ப எங்க கொண்டு போய் விடும்? சோம்பேறித்தனமா பண்ண வெப்சைட். நான்லாம் இப்படி விட மாட்டேன்."

"அப்ப அவர் நின்ன இடம்?"

"போச்சுக்கா."

கருமாதியில் ஐயர் மந்திரம் சொன்னபோதுகூட எனக்கு அந்த வார்த்தை இவ்வளவு தெளிவாகக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

இனி நகர்த்தினால் கெட்டுப்போக அங்கே ஒன்றுமில்லை. அமுக்கி அமுக்கி நானே இறங்கினேன். தாராபுரத்துக்காரர்கள் என்னென்ன விற்கிறார்கள் என்பதில் இன்று நான் டாக்டர் பட்டம் வாங்கலாம். ஓடாத மொபெட், ஓடுகிற மாட்டு வண்டிச் சக்கரம், 'ஒரே ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போன' ஜீப்.

ஓர் இடத்தில் கை நின்றுவிட்டது. ரோஜா நிற ஸ்கூட்டர். 'பெண் மட்டுமே ஓட்டிய வண்டி, தாராபுரம், நேரில் வரவும்.'

எண்ணை அழைத்தேன். இளம் குரல்.

"வண்டி விஷயமாப் பேசறேனுங்க. போன மாசம் கோயமுத்தூர்ல இருந்து யாராச்சும் வந்து பாத்தாங்களா? வயசானவர், கட்டம் போட்ட சட்டை."

"எங்க வண்டியைப் பாக்க வராத ஆளே இல்லீங்க. பாக்கறாங்க, டீ குடிக்கறாங்க, போயிடறாங்க. நீங்க வாங்கறீங்களா, ஆளைத் தேடறீங்களா?"

வைத்துவிட்டேன். என் வயதில் ஒருத்தி இப்படிப் போன் செய்தாள் என்று கேள்விப்பட்டால் நான் அதை மூன்று வாரத் தொடராக எழுதுவேன்.

இரண்டு பேருக்கும் பழகிப்போன அந்தப் பழைய ஸ்கூட்டர் போர்ட்டிகோவில் உறை மூடி நிற்கிறது. முட்டி போனபின் நான் அதில் ஏறுவதில்லை. கோவிலுக்கும் சந்தைக்கும் அவர் தனியாகவே போய் வந்தார். தனியாகவா என்று இன்றைக்குத்தான் கேட்கத் தோன்றுகிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸப்பில் அறிவிப்பு. மாதாந்திரப் பராமரிப்புக்காக வரும் வியாழன் காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை மின்தடை. தண்ணீர் நிரப்பிக்கொள்ளவும், சட்னி அரைத்துக்கொள்ளவும் என்று யாரோ அக்கறையாகச் சேர்த்திருக்கிறார்கள்.

ஷகிலாவிடம் சின்ன யு.பி.எஸ். ஒன்று இருக்கிறதாம். இருபது நிமிஷம் தாங்கும். நாள் முழுக்க என்றால் அல்லாதான் தாங்க வேண்டும் என்றாள்.

அம்புக்குறி இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. அதாவது, இன்னும் பின்னால் ஏதோ இருக்கிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்று வேலை அதிகம். அலமாரி துடைத்தேன். அழுத்த நேரமில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மறுபடி அலமாரி துடைத்தேன்.

மாலை ஷகிலா மீன் குழம்பு கொண்டு வந்தாள். நான் சாப்பிடுவதை உட்கார்ந்து பார்த்தாள். நேற்று சாப்பிட்டேனா என்று அவள் கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை.

"பாத்திடுங்கக்கா. என்னவா இருந்தாலும் தெரிஞ்சது நல்லது."

"ஒருவேளை ஒரே ஒரு பக்கம்தான் மிச்சம் இருந்தா?"

"அப்ப அந்த ஒண்ணைப் பாருங்க."

"அதுக்கப்புறம்?"

அவள் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். எனக்குப் பயம் தாராபுரத்து ஆளைப் பற்றி என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியே நினைக்கட்டும்.

ஆகஸ்ட் 20, புதன்

காலையில் குளித்துவிட்டு உட்கார்ந்தேன். ஷகிலா பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டாள். விசையை அழுத்தினேன்.

திரை வெள்ளையாயிற்று. பிறகு மேலே ஒரு தலைப்பு வந்தது. எனக்கு அந்த எழுத்து தெரியும். தலைப்புக்குப் பக்கத்தில் இருந்த, நான்கு வருஷம் இளமையான, கொஞ்சம் மேக்கப் போட்ட பெண்ணையும் தெரியும்.

சமையலறை உளவுத்துறை.

நான் எழுதியது. ஒரு வாரமும் படிக்காத மனிதர், தொப்பி போட்டுக்கொண்டு என்னைப் படித்திருக்கிறார்.

பக்கம் தலைப்பில் ஒரு நொடி நின்றது. அப்புறம் இறங்கியது. சித்திரை வெயில் பற்றிய முதல் பத்தி போயிற்று. மருந்துக்கடையில் நடந்த சண்டை போயிற்று. ஓர் இடத்தில் வந்து நின்றது. திரையின் நடுவில் இருந்த வரிகளை இங்கே எடுத்து எழுதுகிறேன். என் எழுத்தை நானே நகலெடுப்பது இதுதான் முதல் தடவை.

'இனிமேல் அந்த ஸ்கூட்டரின் பின்னால் ஏற மாட்டேன் என்று அறிவித்துவிட்டேன். காலை அகட்டினால் முட்டி ஒத்துழைக்காது, ஒருக்களித்தால் முட்டி முனகும். போதாதற்கு, நான் பின்னாலிருந்து பேசுவது எதுவும் இவருக்குக் கேட்பதில்லை, அல்லது கேட்காத மாதிரி வருகிறார். வெள்ளைக்காரத் துரைசானிக்கு வைத்த மாதிரி பக்கத்தில் ஒரு தொட்டில் கட்டி உட்கார வையுங்கள், ஊர் சுற்ற வருகிறேன். இல்லையென்றால் நீங்கள் மட்டும் போய் வாருங்கள்.'

கடைசி வரியில் மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தேன். சிரிப்புக்காக. இங்கே எழுதும்போது விட்டுவிட்டேன்.

"அக்கா" என்றாள் ஷகிலா. "கறுப்பு ஜன்னல் நான்தான் அண்ணாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இதுல தேடினா விளம்பரம் பின்னாடி துரத்தாதுன்னு. 'கிரைண்டர் மாதிரி ஆயிடக் கூடாதும்மா, அவ மோப்பம் புடிச்சிருவா'ன்னார். எதுக்குன்னு சொல்லலை. யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டார்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"நீங்க சிநேகிதின்னு சொன்னீங்களேக்கா."

அம்புக்குறியைப் பார்த்தேன். சாம்பல். இதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. அவர் புறப்பட்ட இடம் நான்தான்.

ஷகிலாதான், "முன்னாடி ஒரு தடவை போய்ப் பாக்கலாமா, பட்டியல்ல?" என்றாள். எனக்குப் புரிந்தது. வண்டிச் சாமான்கள். தொட்டில்.

முன்னால் போனோம். பட்டியல் வழக்கம்போல் எங்களை உச்சியில் கொண்டு போய் விட்டது. நினைவில்லாத பட்டியல், பழசு எதையும் வைத்துக்கொள்ளாது, புதிதாக வந்ததைத்தான் முதலில் நீட்டும். அவர் நின்ற இடத்தைத் தின்றதற்காக ஒரு வாரமாக அதைச் சபித்துக்கொண்டிருந்தேன். இன்று அதன் உச்சியில், டிராக்டர் டயருக்கும் மேலே, காலையில் போட்ட விளம்பரம் ஒன்று இருந்தது.

'ஸ்கூட்டருக்கு மாட்டும் சைடு கார். தாராபுரம். முன்பு பேசி வைத்த கோயமுத்தூர்க்காரர் வராததால் மறுபடி விளம்பரம். சென்னியப்பன்.'

போன் செய்தேன். ஷகிலா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"சைடு கார் விளம்பரம் பாத்தேனுங்க."

"இருக்குதுங்க. ஆனா ஒண்ணு, வாரேன்னா வரோணும். போன மாசம் ஒருத்தரு பஸ்ஸேறிட்டேன்னு போன் பண்ணுனாரு. நம்பி விளம்பரத்தை எடுத்துப்போட்டு, ஊட்ல ஒரு ஆளுக்குச் சேத்துச் சமைக்கவும் சொல்லிட்டேன். ஆளே வரலீங்க. போன் போட்டா அணைச்சு வெச்சிருக்குது. இப்படியெல்லாம் பண்ணலாமுங்களா?"

"பண்ணக் கூடாதுங்க" என்றேன். "அவர் என்ன கேட்டாருங்க?"

"என்னென்னமோ கேட்டாருங்க. ஏறறதுக்கு எவ்வளவு ஒசரம், கால் நீட்ட எடம் இருக்குதான்னு. குஷன் பழசா இருக்குது, மாத்தி வைங்கன்னாரு. அதும் மாத்தி வெச்சேன். கடைசியா ஒண்ணு கேட்டாரு பாருங்க. இதுல உக்காந்து பேசுனா ஓட்டறவனுக்குக் கேக்குமான்னு. இத்தன வருசத்துல அப்படி ஒருத்தரும் கேட்டதில்லீங்க."

"கேக்குமாங்க?"

"நல்லாக் கேக்குமுங்க. பின்னால உக்காந்தாத்தான் பேச்சைக் காத்து அடிச்சுட்டுப் போயிரும். இது காதுக்குப் பக்கத்துல. ஆமா, நீங்க யாருங்க பேசறது?"

"அதுல உக்காரப் போறவ" என்றேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஷகிலா யு.பி.எஸ்.ஸைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வேண்டாம் என்றேன்.

பின்னால் போய், அந்தப் பத்தியில் கொண்டு வந்து நிறுத்தினேன். நிறுத்தினேன் என்பது தவறு. அதுவாகவே இறங்கி வந்து நின்றது. நான் எதையும் நகர்த்தவில்லை.

ஒன்பது அடித்துச் சற்று நேரத்தில் மேலே ஃபேன் நின்றது, திரை அணைந்தது. கறுப்புக் கண்ணாடியில் என் முகமும், எனக்குப் பின்னால் அவர் நாற்காலியும் தெரிந்தன. லேப்டாப்பின் மூச்சு நின்றபிறகுதான் வீடு எவ்வளவு அமைதி என்று தெரிந்தது.

சட்னி அம்மியில் அரைத்தேன்.

ஆகஸ்ட் 23, சனி

பூங்கோதை அக்காவுக்கு நானே போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அந்தப் பக்கம் அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை. பிறகு, "அந்த மாடிப்படிப் பேச்சு..." என்று ஆரம்பித்தார். "அதேதானுங்க்கா" என்றேன். மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அதற்காகத்தான் அவருக்குச் சொன்னேன்.

ஆகஸ்ட் 30, சனி

சென்னியப்பன் சின்ன லாரியில் அவரே கொண்டு வந்தார். போனிலேயே விஷயத்தைச் சொல்லியிருந்தேன். மாட்டி முடிக்கும்வரை ஸ்பானரிடம் மட்டும் பேசினார். குஷன் அரக்குச் சிவப்பு. போகும்போது, "ஓட்டறதுக்கு யாருங்க்கா?" என்று கேட்டார். ஷகிலா, தனக்கு வராது, ஆனால் கற்றுக்கொள்கிறேன் என்றாள். பார்க்கலாம்.

அவர்கள் போனபின் கதவைச் சாத்திவிட்டுப் போர்ட்டிகோவுக்கு வந்தேன். ஒரு காலை உள்ளே வைத்தேன், அப்புறம் அடுத்ததை. கால் நீட்ட இடம் இருக்கிறது. பக்கத்தில் ஸ்கூட்டரின் முன்சீட், அவர் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளம் விழுந்தபடி, என் காதுக்குச் சற்று மேலே.

கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன். பூங்கோதை அக்கா வாயடைத்துப்போன கதை, கூடிய டம்ளர் கதை, தாராபுரத்து ரோஜா நிற ஸ்கூட்டரில் நான் அசடு வழிந்த கதை.

முட்டி வலிக்கவே இல்லை.